ஆயில் நட்டுக்கு ஒரு பொட்டு

என் வண்டியின் இன்ஜினுக்கு அடியில், பழைய ஆயிலை வடிப்பதற்காகக் கழற்றுகிற நட்டின் தலையில், மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு இருக்கிறது. குனிந்து கழுத்தை ஒடித்துப் பார்த்தால்தான் தெரியும். அது எப்படி வந்தது என்று எழுதினால் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் மிஞ்சாது. பரவாயில்லை. நல்ல மனுஷன் என்ற பெயரோடு சுற்றியது போதும்.

எனக்கு வீடு வில்லாபுரத்தில், வேலை உசிலம்பட்டியில். ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், உட்கார இடம் கிடைப்பது அவரவர் தலையெழுத்து. அதனால் வேலை மாற்றலாகி வந்த மாதமே இந்தக் கறுப்பு வண்டியை வாங்கினேன். பத்து வருடமாக அதுதான் என்னைச் சுமக்கிறது. செக்கானூரணி தாண்டியதும் முதுகில் அறைகிற வெயிலையும், அறுத்த சோளத்தட்டையை நடுரோட்டில் காயப்போடுகிறவர்களையும், திடீரென்று குறுக்கே வருகிற ஆடுகளையும் என்னைவிட அந்த வண்டிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. அலுவலகத்தில் யாராவது புது வண்டி வாங்கி வந்து நிறுத்தினால் போதும், பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எல்லாம் சரி, இது லட்சம் ஓடுமா?" என்று கேட்பேன். அவர்கள் பதில் சொல்வதற்குள் என் கதையை எடுத்துவிடுவேன். "ஒரே ஓனர், ஒரே மெக்கானிக். அவர் கையத் தவிர இந்த வண்டியில வேற கை பட்டதில்ல." இந்த வரியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் இதே வரியைத்தான் கத்தியாக எடுத்து ஒருவர் மேல் வீசினேன்.

அந்த மெக்கானிக்கின் கடை திருப்பரங்குன்றத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் இருக்கிறது. தகரக் கூரை, ஒற்றை ஆள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் சார். அதிகம் பேச மாட்டார். நட்டை முறுக்கும்போது நட்டைப் பார்க்கவும் மாட்டார். ஸ்பேனரை மாட்டிவிட்டு ரோட்டைப் பார்ப்பார். பஸ் போகிறதை, பூக்காரம்மா போகிறதை, மலைக்குக் கீழே பஞ்சாமிர்தம் விற்பவன் போகிறதை எல்லாம் பார்த்துக்கொண்டே முறுக்குவார். கை ஒரு இடத்தில் தானாக நின்றுவிடும். அதற்கு மேல் கால் சுற்றும் போகாது. "பாக்காம எப்படிண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "கையி சொல்லும் சார்" என்றார், அவ்வளவுதான்.

மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தொண்ணூற்று ஒன்பதாயிரத்துச் சொச்சத்திலிருந்து மறுபடி பூஜ்யத்துக்கு வந்த நாளில், வேண்டுமென்றே நாலு கிலோமீட்டர் மிச்சம் வைத்து அவர் கடைக்குப் போனேன். கடையைச் சாத்தாமலே பின்னால் ஏறி உட்கார்ந்தார். மலையைச் சுற்றுகிற பாதையில் மெதுவாகப் போனோம். ஐந்து பூஜ்யங்களும் ஒன்றாக வந்து நின்றபோது என் தோள் மேல் எட்டிப் பார்த்து, "பச்சப்புள்ள ஆயிருச்சு சார்" என்று சிரித்தார். டீக்கடையில் இரண்டு பேரும் உளுந்தவடை தின்றோம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் யாருக்குத் துரோகம் செய்தேன் என்பது தெரிய வேண்டும். முன்பின் தெரியாத ஆளுக்கு இல்லை.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் புதிதாக ஓர் ஆயிலைப் பற்றிப் புகழ ஆரம்பித்தார். சிந்தெடிக் ஆயில். விலை அதிகம். ஊற்றினால் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுமாம். நானும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல ஆயில்தான் சார். உங்க வண்டி ஓடுன ஓட்டத்துக்கு இது வேணாம். ரொம்ப மெல்லிசு, கசிஞ்சிரும். நாம வழக்கமா ஊத்துறதையே ஊத்துவோம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வழக்கமான ஆயிலையே மாற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. காசு கொடுத்து வாங்கிய டப்பா வீட்டில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. படித்தவன் நான், எனக்குத் தெரியாததா என்று ஒரு திமிர். பத்து நாள் பொறுத்தேன். ஆயுத பூஜை வந்தது. அன்று எல்லாரும் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் கழுவினேன். கழுவின கையோடு, செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டு, ஸ்பேனரை எடுத்து ஆயில் நட்டைக் கழற்றினேன். நட்டோடு ஒரு செம்பு வாஷர் வந்தது. மோதிரம் மாதிரி அழகாக இருந்தது. இரண்டையும் ஸ்பேனரோடு சேர்த்துப் பேப்பரில் வைத்தேன். நல்ல ஆயிலை, பத்து நாள் ஆயிலை, பழைய வாளியில் வடியவிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பேப்பரில் நட்டு மட்டும் இருக்கிறது. ஸ்பேனரையும் வாஷரையும் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால் பூஜையில் இருக்கின்றன. அரிவாள்மணை, சுத்தியல், கத்தரிக்கோல், என் அலுவலகப் பேனா, பிள்ளைகளின் புத்தகங்கள், அவற்றோடு என் ஸ்பேனர். எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள் மனைவி. அந்தச் செம்பு வளையத்துக்குக்கூட ஒரு குட்டிப் பொட்டு.

"அத எடுக்கணும்டி. வேலை முடியல."

"பூஜையில வச்சத எடுப்பாங்களா? நாளைக்குக் காலையில எடுத்துக்கங்க. ஒருநாள் பொறுக்காதா உங்க வண்டி?"

பொறுக்கும்தான். ஒருநாள்தானே என்று நினைத்தேன். வாஷர் இல்லாமலே நட்டைக் கையால் திருகி, குறடால் லேசாகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, புது ஆயிலை ஊற்றி வைத்தேன். விஜயதசமி காலையில் ஸ்பேனரை எடுத்ததும் வாஷரைப் போட்டு ஒழுங்காக முறுக்கிவிடலாம். ஆனால் விஜயதசமி அன்று மனைவியின் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. விடிகாலையிலேயே பஸ்ஸில் கிளம்பிப் போய் இரவு திரும்பினோம். கறிச்சோற்று மயக்கத்தில் நட்டு சுத்தமாக மறந்துபோனது.

மறுநாள் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். ஹேண்டில்பாரில் பூஜைக்குப் போட்ட மாலை ஆடிக்கொண்டிருந்தது. வண்டி வெண்ணெய் மாதிரிதான் ஓடியது. அந்த மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்று கருமாத்தூர் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன். கருமாத்தூர் தாண்டி ஒரு கிலோமீட்டரில் இன்ஜினிலிருந்து இரும்பை அரைக்கிற ஒரு சத்தம் வந்தது. பின்சக்கரம் பிடித்துக்கொண்டு இழுத்தது. விழாமல் நின்றது என் புண்ணியமில்லை, ரோடு காலியாக இருந்தது. இறங்கி அடியில் கையை விட்டேன். நட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. விரலில் ஒட்டிய கொஞ்சம் எண்ணெயைத் தவிர இன்ஜினில் ஒரு சொட்டு இல்லை.

அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது, பிறகுதான் புரிந்தது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அங்கேயே, அந்த ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும்.

ஒரு குட்டி யானை வேனைப் பிடித்து வண்டியை ஏற்றி, மாலையோடு, திருப்பரங்குன்றம் கொண்டுபோய் இறக்கினேன். கடையில் வேலைக்காகக் காத்திருந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் அலுவலகத்தில் நான் சொல்லி வந்தவர்கள். வழி நெடுக, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். "அண்ணே, ஒரு முட்டாத்தனம் பண்ணிட்டேன்" என்று ஆரம்பிக்க வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆயில் மாத்தி பத்து, பன்னெண்டு நாள்தான சார் ஆச்சு?" என்றார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "நட்ட முறுக்காம விட்டுட்டேனா?"

பாதையை அவரே போட்டுக் கொடுத்தார். நான் சும்மா இருந்திருந்தால்கூட அது பாதிப் பாவம்தான். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. நிஜமான கோபம். அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"பின்ன என்னண்ணே? உங்க கையத் தவிர இந்த வண்டியில வேற கை பட்டிருக்கா? ரோட்டுல செத்திருப்பேன் தெரியுமா?"

அவர் தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். ஐந்தாறு வயது மூத்தவர், நாலு பேருக்கு முன்னால்.

இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, லேத்துக்குக் கொண்டுபோய் சிலிண்டரைக் கடைந்து, ஒரு வாரம் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு என் வண்டியை உயிர்ப்பித்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் இரண்டு தடவை நீட்டினேன், மூன்றாவது தடவை நீட்டவில்லை. கிளம்பும்போது, "சார், ஒரு நிமிசம்" என்றார். பலகையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்து, தீக்குச்சியால் தொட்டு, ஆயில் நட்டின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். "முறுக்கியாச்சுன்னா பொட்டு வைப்பேன். பாத்துக்கங்க." நான் குனிந்து பார்க்கிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். "நீங்கதான அன்னைக்கு நட்டக் கழட்டுனீங்க?"

"அது வேற நட்டு" என்றேன்.

அதன் பிறகு அந்தக் கடையில் எல்லா வண்டிக்கும் பொட்டு வந்தது. ஆயில் நட்டுக்கு, அச்சு நட்டுக்கு, பிரேக் கம்பிக்கு. வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் குனியச் சொல்லிக் காட்டுவார். "வண்டிக்குப் பொட்டு வச்சு சீர் அனுப்புற மாதிரில்ல அனுப்புறாரு" என்று கிண்டல் செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவர் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முறுக்கும்போது நட்டையே பார்த்தார். முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கிப் பார்த்தார். அரை மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த வருடம் கண்ணாடி போட்டுக்கொண்டார். "டாக்டர் கண்ணு நல்லாருக்குன்னுதான் சார் சொல்றாரு. நான்தான் கேட்டு வாங்குனேன்" என்றார். காத்திருக்கப் பொறுக்காமல் ஆட்கள் குறைந்தார்கள். நான் ஒழுங்காகப் போனேன். ஒவ்வொரு தடவையும் குனிந்து பொட்டைப் பார்த்தேன், "சரிண்ணே" என்றேன். அலுவலகத்தில் தினமும் சான்றிதழ்களில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

ஆயுத பூஜை வருடா வருடம் வந்தது. அந்தச் செம்பு வாஷரை மனைவி பூஜை அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். ஒரு தடவை பூஜையில் வைத்த சாமான், தூக்கிப்போட மனசு வராது அவளுக்கு. ஒவ்வொரு வருடமும் ஸ்பேனருக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, சந்தனம் தொட்டு, பொட்டு வைப்பாள். நான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். வாஷர் இருக்கிற பக்கம் பார்க்க மாட்டேன்.

போன வருடம் பூஜைக்கு ஒரு வாரம் முன்பு சர்வீசுக்குப் போயிருந்தபோது அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்தப் பூஜையோட கடையச் சாத்திரலாம்னு இருக்கேன் சார்."

"ஏண்ணே?"

"மச்சினன் நம்ம ஏர்போர்ட் பக்கம் பெருங்குடியில ஹார்டுவேர் கடை போட்டிருக்கான். வந்து உக்காருங்க மச்சான்னு கூப்புடுறான். எனக்கும் பயமாயிருக்கு சார். உங்க வண்டியில நல்லவேள இன்ஜினோட போச்சு. நாளைக்கு எவன் வண்டிக்காச்சும் பிரேக்குல மறந்துட்டேன்னா? புள்ளகுட்டியோட போவான். முறுக்குனது எனக்கு அன்னைக்கு அம்புட்டு ஞாபகம் இருந்துச்சு சார். அதான் பயமே. முறுக்குன மாதிரியே ஞாபகம் இருக்கு, ஆனா முறுக்கல."

அவர் முறுக்கியிருந்தார். அந்த ஞாபகம் சரியான ஞாபகம். அதைப் பொய்யாக்கியவன் எதிரில் உட்கார்ந்து அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. "யோசிச்சுச் செய்யிங்கண்ணே" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன்.

பூஜை அன்று மனைவி வழக்கம்போல எல்லாவற்றையும் அடுக்கினாள். கடைசியாக அந்த வாஷரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பினாள்.

"என்னங்க, இது அந்த வேற நட்டோடதா?"

அவள் முகத்தில் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. எத்தனை வருடமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவளும் பூஜையை ஆரம்பித்துவிட்டாள்.

விஜயதசமி காலையில் வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருப்பரங்குன்றம் போனேன். கடை பாதி காலியாகியிருந்தது. சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. நாலு பேருக்கு முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பை ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் கேட்கப் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன். வாஷரை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தேன். காய்ந்த குங்குமம் அதில் ஒட்டியிருந்தது. டப்பா ஆயில், வீடியோ, பூஜையில் மாட்டிக்கொண்ட ஸ்பேனர், காதுகுத்து, கருமாத்தூர், எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும் கேட்டார். "அப்ப நான் முறுக்கித்தான் அனுப்புனேனா?"

"ஆமாண்ணே."

"நல்லா முறுக்கியிருந்துச்சா? நீங்க கழட்டும்போது?"

"ரெண்டு கையும் போட்டுத்தாண்ணே கழட்டுனேன்."

கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். அழுகிறாரா, வியர்வையா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் எழுந்துபோய், சாக்கை அவிழ்த்து, அந்தச் சின்ன மஞ்சள் டப்பாவைத் தேடி எடுத்தார். என் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து, பழைய பொட்டை பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு, புதிதாக ஒன்று வைத்தார்.

"இம்புட்டு நாளும் இது என் கைய நம்பாம நான் வச்ச பொட்டு சார்" என்றார். "இது உங்க கைய நம்பாம வைக்கிறது. அடுத்த தடவ வேற எங்கயாச்சும் பாத்துக்கங்க."

சரிண்ணே என்று சொல்ல வந்தேன். குனிந்து பொட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தேன். வாஷர் ஸ்டூலிலேயே இருந்தது. அதை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையை அவர் மூடவில்லை. காலையில் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனால் தெரிகிறது. வேகத்தைக் குறைப்பதில்லை. போகிற போக்கில் பார்க்கிறேன். ஒருநாள் ஏதோ ஒரு வண்டியின் அச்சு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லை. முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. நான் போவதையும் அந்த முகம் பார்த்தது, பஸ் போவதைப் பார்க்கிற மாதிரி.

போன வாரம் பக்கத்து நாற்காலிக்காரர் தன் வண்டியை அங்கே சர்வீசுக்கு விட்டு எடுத்துவந்தார். மதியம் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, அலுவலக வண்டி ஸ்டாண்டில் மண்டி போட்டு, அவர் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். ஆயில் நட்டு சுத்தமாக இருந்தது. பொட்டு இல்லை. அதற்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியையும் பார்த்தேன். அதுவும் அந்தக் கடை வண்டிதான். அதிலும் இல்லை. முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தேன். இப்போது பொட்டு வைத்த வண்டி என்னுடையது மட்டும்தான்.